உரல் இருந்த இடம்



"இளைஞர்களுக்குப் பயன்படும் கைவேலை ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்று இந்த நிலையத்தார் என்னைக் கேட்டபோது நான் சற்றுத் தயங்கினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் நான். சுண்ணக்கட்டி பிடித்த கை இது. உளி பிடித்த கை அன்று. ஆயினும் என் வாழ்நாளில் ஒரே ஒரு கைவேலையைச் செய்திருக்கிறேன். முதல் முறை தவறாகச் செய்து, மறுமுறை பிறர் துணையோடு திருத்தினேன். எங்கள் வீட்டில் ஓர் அறையின் தரையில் கெட்டுப்போன பகுதியை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு பலகை பொருத்திய வேலை அது. தரைக்கு ஒட்டுப் போடுவதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

எங்கள் வீடு தேனி மாவட்டம் உத்தமபாளையத்தில் இருக்கிறது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகள். நடுவே முல்லையாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கு. எங்கள் தெருவின் கடைசி வீட்டைத் தாண்டினால் நெல்வயல் தொடங்கிவிடும். கொல்லைக் கதவைத் திறந்தால் பத்தடி தூரத்தில் வாய்க்கால். இந்த வாய்க்காலைச் சிறிது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது கதைக்குள் வரும்.

முன்பு சமையலறையாக இருந்த அறையில்தான் இப்போது என் தாயார் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. அந்த அறையின் தரை சிவப்புச் சாயம் கலந்த பழைய சிமெண்டுத் தரை. மார்கழி, தை மாதங்களில் அதில் வெறுங்காலை வைத்தால் பாட்டிக்குக் குளிர் எலும்பு வரையில் ஏறுகிறது என்று கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகன் வருத்தப்பட்டான். 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அவன் தன் செலவில் அந்த அறைக்கு லேமினேட் தரை போட்டுக்கொடுத்தான்.

லேமினேட் என்னும் பெயரைக் கேட்டுச் சிலர் விழிக்கலாம். சன்மைக்கா என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். மேசையின் மேலும் அலமாரிக் கதவின் மேலும் ஒட்டும் பளபளப்பான தகடு அது. காகிதத் தாள்களைப் பிசினில் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கினால் அந்தத் தகடு உண்டாகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் 1912-ஆம் ஆண்டு இந்த யுக்தியைக் கண்டுபிடித்த ஓ'கானர், ஃபேபர் என்னும் இருவரும் மேசையை நினைத்துச் செய்யவில்லை. மின்சாரக் கருவிகளில் காப்புப் பொருளாக அப்போது மைக்கா பயன்பட்டு வந்தது. அந்த மைக்காவுக்குப் பதிலாக ஒன்று வேண்டும் என்றுதான் செய்தார்கள். 'மைக்காவுக்குப் பதில்' என்னும் பொருளிலேதான் 'ஃபார்மைக்கா' என்ற பெயரும் பிறந்தது. அதைக் காலடியில் போட்டு நடக்கலாம் என்ற எண்ணம் மிகவும் பிந்தியது. சுவீடன் நாட்டில் பெர்ஸ்டார்ப் என்னும் நிறுவனம் 1977-இல் லேமினேட் தரையை உருவாக்கியது. பெர்கோ என்பது அதற்கு இட்ட பெயர். தொடக்கத்தில் பலகைகளைப் பசையிட்டு ஒட்டினார்கள். 1990-களின் பிற்பகுதியில் சுவீடனிலும் பெல்ஜியத்திலும், பசையே இல்லாமல் ஒரு பலகையை மற்றொரு பலகையில் மாட்டிப் பூட்டும் முறையைக் கண்டார்கள்.

அந்தப் பூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது விளங்காவிட்டால் வெட்டுவதும் விளங்காது. பலகையின் கனம் எங்கள் வீட்டில் எட்டு மில்லிமீட்டர். நீளம் ஏறக்குறைய நான்கு அடி. அகலம் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அது பார்வைக்குத்தான் தேக்கு. மேலே தெரியும் தேக்கின் ரேகைகள், காகிதத்தில் அச்சிட்ட படம். அந்தப் படத்துக்கு மேலே தேயாமல் காக்கும் கடினமான மெல்லிய படலம் உண்டு. நடுவில் இருப்பது மரநாரைக் கூழாக்கிப் பிசினோடு சேர்த்து மிகுந்த அழுத்தத்தில் இறுக்கிய அட்டை. அடியில், பலகை வளையாமல் இருக்க மற்றொரு தாள். பலகையின் ஒரு நீளப்பக்கத்தில் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்ப் பக்கத்தில் காடி குடைந்திருக்கும். குறுக்குப் பக்கங்களிலும் அவ்வாறே. ஒன்றின் நாக்கை மற்றதன் காடியில் சாய்த்து நுழைத்துக் கீழே அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். தரையோடு இதற்கு ஆணியும் இல்லை, பசையும் இல்லை. மெல்லிய நுரைவிரிப்பின் மேல் தரை முழுவதும் ஒரே பாயாகக் கிடக்கும். காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அது நீளும், சுருங்கும். அதற்காகச் சுவரை ஒட்டிச் சுற்றிலும் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, அதை ஓரச்சட்டத்தால் மறைத்துவிடுவார்கள்.

தரை போட வந்தவர்கள் இரண்டு நாளில் வேலையை முடித்தார்கள். மிஞ்சிய ஐந்து பலகைகளை, "பின்னால் உதவும்" என்று பரண்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த ஐந்து பலகைகளுக்காக இன்றும் அவர்களுக்கு நன்றி பாராட்டுகிறேன். வேறு சிலவற்றுக்காகப் பாராட்ட முடியவில்லை.

கோடை கழிந்தது, மழைக்காலம் வந்தது. தீபாவளிக்குச் சில நாள் முன்பு, அறையின் சுவரிலிருந்து நான்காவது வரிசையில் இரண்டு பலகைகள் சந்திக்கும் மூட்டு மேலெழும்பியிருப்பதைக் கண்டேன். விரலால் தடவினால் இரண்டு ஓரங்களும் உதடு பிதுங்கியதுபோல் தடித்திருந்தன. இதற்குக் காரணம் நீர்தான் என்பதை அறியப் பௌதிக ஆசிரியன் வேண்டியதில்லை. முழு மரம் ஈரத்தில் பருக்கும். காய்ந்தால் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பும். மழைக்காலத்தில் இறுகும் கதவு கோடையில் தானாகச் சரியாகிவிடுகிறது அல்லவா? இறுக்கிய மரநார் அவ்வாறன்று. தொழிற்சாலையில் எந்த அழுத்தத்தால் அதைப் பலகையாக்கினார்களோ, அந்த அழுத்தத்தின் பிடியை நீர் தளர்த்திவிடுகிறது. நார்கள் விரிந்துகொள்கின்றன. பிறகு எவ்வளவு காய்ந்தாலும் அவை மீண்டும் ஒடுங்குவதில்லை. ஆகவே வீங்கிய பலகையை இழைத்தோ, கனமேற்றி அழுத்தியோ பயனில்லை. அதை எடுத்துவிட்டு வேறு போடுவது ஒன்றே வழி.

நீர் எங்கிருந்து வந்தது? அந்த இடத்துக்கு இரண்டடி தள்ளித்தான் என் தாயார் இரவில் குடிப்பதற்காகச் செம்பில் தண்ணீர் வைப்பது வழக்கம். "அம்மா, இருட்டில் செம்பைத் தட்டிவிட்டீர்களா?" என்று கேட்டேன். "நான் சிந்தலப்பா" என்றார்கள். முதியவர்களுக்கு மறதி இயல்பு என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து செம்பை வெளித்திண்ணையில் வைக்கச் சொன்னேன். இரவில் தாகமெடுத்தால் எழுந்து கதவைத் திறந்து போக வேண்டும். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு நாணமாக இருக்கிறது.

2022-ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் மகன் வந்திருந்தபோது, இருவருமாக அந்த இரண்டு பலகைகளை மாற்ற முனைந்தோம். இதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஓரச்சட்டத்தைக் கழற்றி, அருகிலுள்ள சுவரிலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் பூட்டவிழ்த்து, கெட்ட பலகையை எட்டி, அதை மாற்றிய பின் மீண்டும் வரிசையாகப் பூட்டிக்கொண்டு திரும்புவது ஒன்று. அது நாள்பிடிக்கும், ஆனால் பழுதில்லாதது. மற்றொன்று, கெட்ட பலகையை இருந்த இடத்திலேயே வெட்டியெடுப்பது. சுவரோரம் என் தாயாரின் கட்டிலும் கனத்த மரப்பீரோவும் இருந்தன. அவற்றை நகர்த்த யார் சிரமப்படுவது? இரண்டாவது முறையே போதும் என்று முடிவு செய்தோம்.

வெட்டும் முறையைச் சொல்கிறேன். பலகையின் நான்கு ஓரங்களிலிருந்தும் ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி, மூலைமட்டம் வைத்து ஒரு நீள்சதுரம் கோடிட வேண்டும். அதன் நான்கு மூலைகளிலும் துளை போட வேண்டும். ரம்பம் கோட்டைத் தாண்டி ஓடாமல் நிற்பதற்கு அந்தத் துளைதான் எல்லைக்கல். மின்சார வட்ட ரம்பத்தின் ஆழத்தைச் சரியாக எட்டு மில்லிமீட்டருக்கு வைக்க வேண்டும். கூடினால் அடியிலுள்ள நுரைவிரிப்பு கிழியும். கோட்டின் வழியே அறுத்து நடுத்துண்டை எடுத்துவிட்டால், சுற்றிலும் ஒரு சட்டம்போல் ஓரம் மட்டும் எஞ்சி நிற்கும். அதன் ஒவ்வொரு முனையிலும், உள்மூலையிலிருந்து பலகையின் வெளிமூலை வரை உளியால் குறுக்கே ஒரு வெட்டுக் கொடுத்தால் அந்தச் சட்டம் நான்கு துண்டுகளாகப் பிரியும். பிறகு ஒவ்வொரு துண்டையும் குறட்டால் பிடித்து, அண்டைப் பலகையின் நாக்கையோ காடியையோ சிதைக்காமல் அசைத்து அசைத்துக் கழற்ற வேண்டும். பல் பிடுங்குகிற மருத்துவருக்கு வேண்டிய பொறுமை இங்கே வேண்டும்.

புதுப் பலகையை அப்படியே இறக்க முடியாது. சுற்றியுள்ள பலகைகள் அசையாமல் கிடப்பதால், நாக்கைச் சாய்த்து நுழைக்க ஒரு பக்கம்தான் இடம் உண்டு. ஆகையால் நீள நாக்கை மட்டும் விட்டுவிட்டு, குறுக்கு நாக்கைச் சீவிவிட வேண்டும். காடிகளின் கீழுதட்டை அறுத்துவிட வேண்டும். அப்போது மேலுதடு அண்டைப் பலகையின் நாக்கின்மேல் மூடிபோல் வந்து உட்காரும். பூட்டு போய்விட்டதால் அங்கே வெள்ளைப் பசை தடவி, பிதுங்கியதை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட்டு, மேலே கனத்தை ஏற்றி ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். நாங்கள் என் பழைய பாடநூல் கட்டுகளை ஏற்றினோம். மறுநாள் பார்த்தால் எது பழைய பலகை, எது புதியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தெருவில் நாலைந்து பேரை அழைத்துவந்து காட்டினேன்.

அடுத்த அக்டோபரில் அதே இடம் மறுபடியும் வீங்கிற்று. புதிய பலகைகள் இரண்டோடு அண்டைப் பலகை ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதை நான் பார்ப்பதற்கு முன்பே ஒரு விடியற்காலையில், திண்ணைக்குத் தண்ணீர் குடிக்கப் போன என் தாயாரின் கால் கட்டைவிரல் அந்த மேட்டில் தட்டிற்று. கட்டில் சட்டத்தின்மேல் சாய்ந்து விழுந்தார்கள். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. செம்பு திண்ணையில்தான் இருந்தது. அறைக்குள் ஒரு சொட்டு நீர் சிந்த வழியில்லை.

தரை போட்டவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அறை முழுவதையும் பெயர்த்துவிட்டு வேறு போடலாம் என்றார்கள். இந்தத் தேக்கு மாதிரி இப்போது வருவதில்லையாம். பரணில் எஞ்சியிருந்தவை மூன்று பலகைகள். மாற்ற வேண்டியவையும் மூன்று. ஒன்று தவறினாலும் மாற்று இல்லை. இந்த முறை மகனை எதிர்பார்க்காமல் எங்கள் ஊர்த் தச்சர் ஒருவரை அழைத்தேன். லேமினேட் வேலை அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் மரம் தெரியும். வந்தவர் ரம்பத்தை எடுக்கவில்லை. குனிந்து, உளியின் பிடியால் தரையை அங்கங்கே தட்டிக்கொண்டே போனார். அந்த இடம் வந்ததும் ஓசை மாறிற்று. மற்ற இடங்களில் 'டொக்' என்றது, அங்கே 'தொம்' என்றது. "ஐயா, கீழே ஏதோ பொள்ளலா இருக்கு" என்றார்.

கட்டுப்போட்ட கையோடு கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் தாயார், "அது நம்ம உரல் இருந்த இடமில்லையா?" என்று கேட்டார்கள்.

எனக்குச் சட்டென்று எல்லாம் நினைவுக்கு வந்தது. பழைய சமையலறையில் தரையோடு தரையாகப் பதித்த கல்லுரல் ஒன்று இருந்தது. 1987-ஆம் ஆண்டு என் மகன் தவழத் தொடங்கினான். உரற்குழியில் குழந்தையின் கால் சிக்கிக்கொள்ளுமோ என்று பயந்து, ஆள் வைத்து உரலைத் தோண்டியெடுத்தவன் நான்தான். குழியில் ஆற்றுமணலையும் செங்கல் உடைசலையும் கொட்டி, மேலே அரை அங்குலம் சிமெண்டைப் பூசி, சிவப்புச் சாயமும் தேய்த்தாகிவிட்டது. அந்த ஒட்டும் அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாமல்தான் இருந்தது.

ஆயினும் நினைவு நிரூபணம் ஆகாது. கெட்ட பலகைகளை எடுத்ததும், தச்சரைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு சிறு சோதனை செய்தேன். இதை உங்களில் எவரும் செய்யலாம். ஒன்றரை அடிச் சதுரமாகப் பாலித்தீன் தாள் இரண்டு வெட்டினேன். நுரைவிரிப்பை விலக்கி, உரல் இருந்த இடத்துச் சிமெண்டின்மேல் ஒன்றையும், சுவரோரச் சிமெண்டின்மேல் மற்றொன்றையும் விரித்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டினேன். தாளின் மேற்புறத்தில் நீர்த்துளி கண்டால் அது அறைக் காற்றின் ஈரம். உட்புறத்தில் கண்டால் தரைக்குள்ளிருந்து ஏறிய ஈரம். மறுநாள் காலையில் சுவரோரத் தாள் உலர்ந்திருந்தது. உரல் இருந்த இடத்துத் தாளின் உட்புறத்தில் முத்து முத்தாகத் துளிகள் நின்றன. சிமெண்டும் அங்கே வட்டமாகக் கறுத்திருந்தது. உரலின் வட்டம் அது.

இனி வாய்க்காலுக்கு வருவோம். 1895-ஆம் ஆண்டு பென்னிகுக் என்னும் பொறியாளர் பெரியாற்றின் குறுக்கே அணையைக் கட்டி முடித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக அந்த நீரைக் கிழக்கே எங்கள் பள்ளத்தாக்குக்குத் திருப்பினார். இங்கே பல வீடுகளில் சாமி படங்களோடு அவர் படமும் மாட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் அந்த நீரால் இருபோகம் விளைகிறது. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் முதல் போகத்துக்கு நீர் திறப்பார்கள். வயல்கள் நிரம்பி நின்றால் அண்டை நிலத்தின் அடிநீரும் உயரும். மழைக்காலம் அதனோடு சேர்ந்துகொள்ளும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணின் நுண்புழைகளின் வழியே ஈரம் மேலே ஏறும். மற்ற இடங்களில் தடித்த சுண்ணாம்புக் காரையும் அதன்மேல் சிமெண்டும் அதை மிகவும் தாமதப்படுத்தின. நான் அடைத்த குழியிலோ தடுப்பு என்று ஒன்றும் இல்லை.

அப்படியானால் முப்பத்துநான்கு ஆண்டுகள் அது ஏன் தொல்லை தரவில்லை? இதுதான் எனக்கு மிகவும் சுவையாகப்பட்ட கேள்வி. ஈரம் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஏறிய ஈரம் சிமெண்டின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகி அறைக்குள் போய்விட்டது. தரை மூச்சுவிட்டது என்று சொல்லலாம். பழைய நாளைச் சுண்ணாம்புத் தரைகளும் அவ்வாறே மூச்சுவிடுபவை. லேமினேட் பலகையின் மேற்படலம் நீர் புகாதது. மேலே சிந்தினால் துடைத்துவிடலாம் என்பது அதன் பெருமை. மேலிருந்து நீர் புக முடியாததுபோலவே கீழிருந்து ஆவி வெளியேறவும் முடியாது. சிக்கிய ஈரமெல்லாம் நடுவிலுள்ள நார் அட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. தரை போட்டவர்கள் நுரைவிரிப்புக்குக் கீழே தடித்த பாலித்தீன் தாள் ஒன்றை விரித்திருந்தால் இது நேர்ந்திராது. தரைத்தளத்தில் அது கட்டாயம் வேண்டும். மாடியில் வேலை செய்து பழகியவர்கள் போலும், விட்டுவிட்டார்கள். நானும் மே மாதத்தில் திறந்து பார்த்தேனே! அப்போது வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் மணல் பறந்தது. சிமெண்டு எலும்புபோல் உலர்ந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்து, அடியில் ஈரமே இல்லை, செம்புத் தண்ணீர்தான் காரணம் என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், சோதனையை எந்த நிலைமையில் செய்தாய் என்று குறித்துக்கொள் என்று!

அன்று மாலையே செம்பை எடுத்துவந்து கட்டிலின் பக்கத்தில் வைத்தேன். "மறுபடி சிந்திட்டேன்னு சொல்லுவியே" என்று என் தாயார் சிரித்தார்கள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. செம்பை நிரப்பி வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது பழுதுபார்ப்பை அவசரமில்லாமல் செய்தோம். பீரோவையும் கட்டிலையும் வெளியேற்றி, ஓரச்சட்டத்தைக் கழற்றி, சுவரிலிருந்து வரிசை வரிசையாகப் பூட்டவிழ்த்தோம். ஒவ்வொரு பலகையின் அடியிலும் சுண்ணக்கட்டியால் எண் எழுதி அடுக்கிவைத்தேன். அந்த வேலைக்கு நான் போதும். நான் பசையிட்டு ஒட்டிய இடத்தில்தான் சிக்கல். பூட்டிய பலகை அவிழும். ஒட்டிய பலகை அவிழாது. அவற்றை அறுத்து எடுத்தபோது, ஒட்டிய ஓரத் துண்டு ஒன்று அண்டைப் பலகையின் காடியையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது. இப்போது மாற்ற வேண்டியவை நான்கு, கையிலிருப்பவை மூன்று. எனக்கு முகம் வாடிவிட்டது. தச்சர் பலகை அடுக்கைப் பார்த்தார். "பீரோ நின்ன இடத்துப் பலகை நல்லாத்தானே இருக்கு? அதை இங்கே போடுவோம். பீரோவுக்கு அடியில என்ன கிடந்தா யாரு பார்க்கப் போறா?" என்றார். அதே எட்டு மில்லிமீட்டர் கனத்தில் ஓர் ஒட்டுப்பலகைத் துண்டை அவரே இழைத்துப் பீரோவுக்கு அடியிலான இடத்துக்குத் தயார் செய்தார்.

குழியைக் கொத்தனார் ஒருவர் தோண்டினார். மணலும் உடைசலும் ஈரமாகவே வந்தன. அடிமண்ணை இடித்து இறுக்கி, சரளை பரப்பி, மேலே தடித்த பாலித்தீன் தாளைக் குழியின் ஓரங்களில் மடித்து ஏற்றி விரித்து, அதன்மேல் நான்கு அங்குலக் கான்கிரீட்டு இட்டார். ஒரு வாரத்துக்கு மேல் நீர் ஊற்றிப் பதப்படுத்தினோம். பிறகு காய வைக்க வேண்டும். கீழிருந்து வரும் ஈரத்தைத் தாள் தடுத்தாலும் கான்கிரீட்டுக்குள் கலந்த நீர் வெளியேற வேண்டும் அல்லவா? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. நவம்பரில் இட்டதை ஏப்ரல் வரை திறந்தே விட்டுவைத்தேன். அந்த ஐந்து மாதமும் என் தாயார் கூடத்தில் படுத்தார்கள். வருகிறவர்களெல்லாம், "வேலை இன்னும் முடியவில்லையா?" என்று கேட்டார்கள். மாதம் ஒருமுறை பாலித்தீன் தாளை ஒட்டிப் பார்ப்பேன். மார்ச் மாதம்தான் அது உலர்ந்த தாளாகக் கையோடு வந்தது.

ஏப்ரலில் தச்சர் மீண்டும் வந்தார். திறந்திருந்த பகுதி முழுவதிலும் பாலித்தீன் விரித்து, பழைய நுரைவிரிப்புக்குக் கீழே ஒரு சாண் செருகிவிட்டோம். எண் பார்த்துப் பலகைகளைப் பூட்டிக்கொண்டே சுவர் வரை சென்றோம். இந்த முறை பசை தேவைப்படவில்லை. நான்கு பலகைகளும் தம் பூட்டிலேயே உட்கார்ந்தன. ஓரச்சட்டத்தை அடிக்குமுன், சுவரோரத்து விரற்கடை இடைவெளி சரியாக இருக்கிறதா என்று தச்சர் ஆப்பு வைத்து இரண்டு முறை பார்த்தார்.

அதற்குப் பிறகு பல ஜூன் மாதங்கள் வந்துவிட்டன. வாய்க்காலில் முதல் நீர் வந்த மறுநாள், நான் தரையில் மண்டியிட்டு நான்காவது வரிசையை விரலால் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. என் தாயாருக்கு அந்தச் சோதனையில் நம்பிக்கை இல்லை. அவர்கள் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டி, ஓசையைக் கேட்டுக்கொள்கிறார்கள். "இங்க நல்லாத்தான் இருக்கு. பீரோவை மட்டும் யாரும் நகத்தாதீங்க" என்கிறார்கள்.